ஏழாவது அட்டை

பள்ளத்தூரில், பூட்டியே கிடந்த வீட்டின் மூன்றாம் கட்டில்
கணக்கேடுகளைத் தாள் தாளாகப் பிரித்து
சுவரேற்றியிருக்கிறாள்
மோல்மேனிலிருந்து வந்த நீலார்.
அவள் குடும்பத்து ஒன்பது ஏக்கர் நெல்வயல்
கதவோரத் தாளில், பற்று வரிசையில்.

எனக்கு அட்டைகளைத் தமிழில் எழுதும் வேலை.
அட்டைக்கு நானூறு.

"கடன்" என்று எழுதினேன்.
கடமைக்கும் இதே சொல்லா என்றாள்.
ஆமாம்.
எங்களிடம் நீங்கள் வாங்கியதும்
பிள்ளை தாய்க்குச் செய்வதுமா?
ஆமாம் என்றேன்,
கொஞ்சம் மெதுவாக.

ஏழாவதில்
வட்டிக்கு விட வந்தவர்களை
அவள் ஊர் முதுகுக்குப் பின்னால் அழைத்த பெயர்.
பொருள் வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்றாள்.
ஆளுயரத்துக்கு நீலத்தில் எழுதினேன்:
கலா.

தண்ணீர் கேன் போட வந்த கலாராணி
தோளிலிருந்து இறக்காமலே நின்றுவிட்டாள்.
"எம்பேரு எதுக்குக்கா இங்க?"
அப்புறம் இறக்கிவைத்து, துப்பட்டாவைச் சரிசெய்து,
எழுத்தோடு ஒட்டி நின்று
போட்டோ எடுக்கச் சொன்னாள்.
எடுத்தேன். சிரித்திருந்தாள்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டாள் நீலார்.
எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது
வாடகை ஆங்கிலம்.
அதற்குள் துழாவிக்கொண்டே இருந்தேன்.
கேன் இருந்த இடத்தில் ஈர வட்டம்;
தன் மொழியில் அது ஓர் எழுத்து என்று
நேற்றுத்தான் சொல்லியிருந்தாள்.

"அவள் பெயர்" என்றேன்.
நீலார் சுவரைப் பார்த்தாள்,
அவளைப் பார்த்தாள்.
தூரிகையை நீட்டினாளா, மடக்கினாளா,
சரியாகத் தெரியவில்லை.

கலாராணி வாசலுக்குப் போய்த் திரும்பினாள்:
"நேத்து ரெண்டு, இன்னிக்கு ஒண்ணு.
தொண்ணூறு ரூவா பாக்கி.
எழுதிக்கிடுங்கக்கா."