எம் கே செமிகோலன் கே எச்

தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கையில்
வகுப்புக் குழுவில் சார் பாடநூல் அனுப்பினார்,
இரண்டு தொகுதி, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
‘எல்லாருக்கும் கிடைச்சுதா?’
கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன.
ஒவ்வொன்றுக்கும் என் கைப்பேசி
‘உயர்த்திய கட்டைவிரல்’ ‘உயர்த்திய கட்டைவிரல்’ என்று
நாற்பத்து மூன்று முறை சொல்லிக் களைத்தது.
நாற்பத்து நான்காவது நான்.

அஸ்தம்பட்டி விடுதி மொட்டைமாடி.
சேர்வராயன் மலையில் மழை இறங்குகிற மணம்.
ஈரத் துணிகளுக்கு அடியில் உட்கார்ந்து திறந்தேன்.

பக்கம் ஒன்று: படம்.
பக்கம் இரண்டு: படம்.
பக்கம் மூன்றும் அப்படியே.
யாரோ புத்தகத்தை விரித்துவைத்து
போட்டோ எடுத்திருக்கிறார்கள்.
முப்பதாம் பக்கத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருக்கிறதாம்,
வெண்ணிலா சொன்னாள்.

வெண்ணிலாவுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு.
கொஞ்சம் என்றால்,
திரை முழுக்க ஒரே ஒரு எழுத்து.
‘வறுமைக்கோடு’ என்று படிக்க
ஆறு முறை தள்ளவேண்டும்.
கோட்டுக்கு வந்து சேரும்போது
வறுமை மறந்துபோகுமாம்.
‘சர்க்காருக்கும் அப்படித்தானே’ என்றேன்.
துணிக் கிளிப்பால் என்னை அடித்தாள்.

இரண்டாம் தொகுதி படமில்லை, எழுத்து.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
குரல் தொண்டையைச் செருமிக்கொள்ளாமல் தொடங்கியது:
எம், கே, செமிகோலன், கே, எச்,
கேபிடல் டி, எஃப், செமிகோலன், கேபிடல் எஃப்.
அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான்.
அடுத்த பக்கமோ
ஏற்காட்டுப் பேருந்தில் நின்றுகொண்டே
இருபது வளைவும் ஏறியவன் வாந்தி.

பதிப்பகத்துக்கு எழுதினேன்.
‘நூல் இணையத்தில் உள்ளது, அனைவரும் காணலாம்’
என்று பதில் வந்தது.
வெண்ணிலா எழுத்தெழுத்தாகத் தள்ளிப் படித்துச் சொன்னாள்.
ஏனென்றால் பதிலும் ஒரு படம்.

செவ்வாய்ப்பேட்டையில் தஸ்தகீர் அண்ணனின் டிடிபி கடை.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
இந்த மாதம் மாம்பழப் பெட்டிக்கு லேபிள்.
போனில் அந்தப் பக்கத்தை ஒப்பித்தேன்.
விசைகளின் சத்தம் நின்றது.
‘எம் கே செமிகோலன் கே எச்சா?
அது அம்மா, பாப்பா.
இருபது வருசமா என் விரலு
அப்படித்தான் கூப்புடுது.’

பழைய எழுத்துருவாம்.
கண்ணுக்கு அம்மா,
உள்ளே வெறும் எம்மும் கேயும்.
நூலை எழுதியவர் தன் தாய்க்குப் படைத்திருக்கிறார்,
‘அம்மாவுக்கு’ என்ற ஒற்றைச் சொல்லில்.

அண்ணன் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள்
மாற்றி அனுப்பிவிட்டார்.
காசு கேட்டதற்கு, ‘ஒரு பட்டன் அமுக்க என்னத்த வாங்கறது,
இத மொதல்லயே அவங்க அமுக்கியிருக்கலாம்ல’ என்றார்.
அட்டவணைகள் மட்டும் சிதறித்தான் வந்தன.
மக்கள்தொகையும் அரிசி விலையும் ஒரே வரியில்.

இப்போது குரல் தமிழ் பேசியது.
அம்மாவுக்கு.
மூன்று மடங்கு வேகத்தில் வைத்திருந்தேன்,
கண்ணிமைப்பதற்குள் போய்விட்டது.
திருப்பிக் கேட்கலாம்தான்.
நாள் ஒன்பதுதான் இருந்தது,
மேலே போனேன்.

முதல் தொகுதி இன்னும் படம்தான்.
வெண்ணிலா நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறாள்.
ராத்திரி அவளுக்குக் கண்ணில் நீர் வடியும்;
அழுகை இல்லை, உழைப்பு.

நேற்று குழுவில் சார் மறுபடியும்:
‘மாதிரி வினாத்தாள் அனுப்பியிருக்கேன், கிடைச்சுதா?’
உயர்த்திய கட்டைவிரல்.
உயர்த்திய கட்டைவிரல்.
திறந்து பார்த்தேன்.
பக்கம் ஒன்று: படம்.

என் விரலைத் தூக்கவில்லை.
எழுதினேன்:
‘கிடைச்சுது சார். இன்னும் வந்து சேரல.’

குழு அமைதியாகிவிட்டது.
‘சார் டைப் செய்கிறார்’ என்றது கைப்பேசி.
நிறுத்தினார்.
மாடிச் சுவரில் முதல் தூறல் விழுந்தது.
‘சார் டைப் செய்கிறார்.’