வாரண்டில் இல்லாதது

காரைக்குடியில் பஸ் மாறி
பள்ளத்தூரில் இறங்கும்போது மணி பத்தே கால்.
பையில் சப் கோர்ட் வாரண்ட், கார்பன் தாள்,
அடியெழுத்துப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி.
நான் அட்வகேட் கமிஷனர்.
ஒரு கல்யாணத்தின் சாமான்களை எண்ண வந்தவள்.

வளவில் நான்காவது அறை. சாவி வயிரவன் வசம்.
அழகம்மை வரவில்லை; அவள் வக்கீல் லூர்து வந்திருந்தார்.
எதிர்த்தரப்புக்கு மாரிக்கண்ணு, வாயில் ஏலக்காய்.
பூட்டுக்கு நல்லெண்ணெய் விடவேண்டியிருந்தது.

பட்டியல் பதினோரு பக்கம்.
வெங்கலப் பானை ஆறு.
எவர்சில்வர் வாளி இருபத்து நாலு.
எனாமல் சட்டிகள், கூடை கூடையாய்.
அடுப்பே பார்க்காத தோசைக்கல் மூன்று.
ஒன்பது வருஷமாய்ச் சுற்றிய தாளைப் பிரிக்காத
ஒரு கிரைண்டர்;
தாளில் அன்றைய தங்கம் விலை.

ஒவ்வொன்றையும் கவிழ்த்தோம்.
அடியில் சொ.நா.அ. என்றிருந்தால் அவள் அப்பா வீடு.
மெ.வை. என்றிருந்தால் இந்த வீடு.
இவ்வளவு நாணயமான சாட்சியை
கூண்டில் நான் பார்த்ததில்லை.
கவிழ்த்தால் உண்மை சொல்கிறது.

பன்னிரண்டரைக்கு ஸ்கூல் வேன்.
சிந்தாமணி, ரெண்டாங்கிளாஸ்,
ஷூவோடு உள்ளே வந்து
"நான் எண்ணட்டா?" என்றாள்.
கிண்ணம் முப்பத்தெட்டு என்றாள்.
நான் எழுதியிருந்தது முப்பத்தேழு.
திரும்ப எண்ணினோம். அவள்தான் சரி.
அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

மாரிக்கண்ணு காதருகில் குனிந்தார்:
"பிள்ளை விஷயம் இதுல வராது மேடம்.
அது தனி மனு. பதினெட்டாம் தேதி வாய்தா."
தெரியும்.
வாரண்டில் இல்லாததை எண்ண
எனக்கு அதிகாரமில்லை.

"இதெல்லாம் அம்மாட்டயா போகுது?"
கோர்ட் சொன்னால் போகும்.
"வேன்லயா?"
இவ்வளவுக்கும் லாரி வேண்டும்.
சாமான்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
"லாரியில எடம் மிஞ்சுமா?"

லூர்து பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார்.
அது அவர் பேனாவிலேயே இருந்தது.

காப்பி கொண்டுவந்த வயிரவன்
டவராவை ஆற்றியபடி என்னிடம் கேட்டான்:
"கோயில்ல நாங்க ஒரு புள்ளி மேடம்.
வரி கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.
ஒருத்தர் செத்துட்டா மிஞ்சினவர் அரைப்புள்ளி.
டிக்ரி ஆயிட்டா நான் என்ன புள்ளி?"
திருமணச் சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது.
நான் படித்த இலக்கணத்தில்
வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று காட்ட
வைப்பதுதான் அரைப்புள்ளி.
சொல்லவில்லை. காப்பியில் சர்க்கரை அதிகம்.

நாலு மணிக்குக் கடைசியாக ஒரு டம்ளர்.
சொ.நா.அ. இல்லை, மெ.வை. இல்லை.
ஆணியால் கீறிய ஒரே எழுத்து,
மேல்வளைவு இடப்பக்கம் திரும்பிப்போன 'சி'.

"வரிசை எண் இருநூற்றொன்பது, டம்ளர் முழு செட்,
அதில் ஒன்று" என்றார் லூர்து.
"ஆட்சேபணை. எழுத்து எங்க பிள்ளை எழுத்து."
யார் எழுதியது என்றேன்.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்
குற்றவாளி.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
டம்ளர் ஒன்று. இருதரப்பும் உரிமை கோருகின்றனர்.
தற்போது மைனரின் உபயோகத்தில் உள்ளது.
அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு அவள்
என் முன்னாலேயே கவிழ்த்து வைத்தாள்.

கையெழுத்துகள் வாங்கி, அறையைப் பூட்டி
அரக்கு வைத்துப் புறப்பட்டேன்.
கோட்டையூர் தாண்டும்போது மடியில் தாளை விரித்து
மொத்தத்தைக் கூட்டினேன்.
ஒன்று உதைத்தது.
மறுபடி கூட்டினேன். உதைத்தது.
சரிபார்க்க ஒருத்தி இருந்தாள்,
அவள் பள்ளத்தூரில்.