மூன்றரைப் பென்ஸ் வரவு

பெட்டி எண் நாற்பத்தொன்று
குதிரை லாயத்துப் பரணிலிருந்து வந்தது.
ஈரம் தின்றதுபோக மிச்சம் ஒரு பேரேடு,
கன்றுத்தோல் அட்டை, முதுகில் எலிப்பல்.
ராஸ்காமன் நூலகத்தின் கீழ்த்தளத்தில்
இதற்கு நாலு வரி விவரம் எழுதுவது என் வேலை.
நாலு வரிக்கு மூன்று வாரமாகிவிட்டது.

டெரிநகான் எஸ்டேட்.
மே ஒன்று, நவம்பர் ஒன்று, வருடத்துக்கு இரண்டு தவணை.
பெயர், ஏக்கர், குத்தகை, கட்டியது, நிலுவை, குறிப்பு.
குறிப்புக் கட்டம் மிகவும் குறுகல்.
ஓர் ஆளுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது.
"குடிப்பவர்."
"மனைவி கெட்டிக்காரி."
"கூரை தேவலாம்."

நாற்பத்தாறில் கையெழுத்து சிறுக்கிறது.
நாற்பத்தேழில் மையில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள்.
வெளியே வயலெல்லாம் கறுத்து நாறியபோதும்
ஏட்டில் மட்டும்
முந்நூற்றுப் பத்து ஏக்கர் உருளைக்கிழங்கு
அழுகாமல் நிற்கிறது, குத்தகையோடு.
ஏட்டில் விளைந்ததை எவர் வேகவைப்பது?

ஹனோரா ஸ்காஹில், கைம்பெண்.
நிலுவை இரண்டு பவுண்டு ஒன்பது ஷில்லிங்.
குறிப்பு: "கூரை இறக்கியாயிற்று."
அதே நாள், அதே பேனா, இரண்டு வரி கீழே:
கடப்பாரை ஆட்களுக்கு விஸ்கி, நாலு ஷில்லிங்.

பக்கங்களுக்கு நடுவே செருகிய ஒரு கடிதம்.
வினிஃப்ரெட் டொலானின் ஆட்டை
மூன்று முறை பட்டியில் அடைத்திருக்கிறார்கள்.
மூன்று முறையும் அது இரவிலே
தாழ்ப்பாளைத் தானே நீக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.
"தாழ்ப்பாளை உடைத்த அபராதம்
ஆட்டுக்கா எனக்கா என்று
ஐயா தெளிவுபடுத்த வேண்டும்."
கீழ்த்தளத்தில் தனியே சிரித்தேன்.
சிரித்த கையோடு தேதியைப் பார்த்தேன்.
அதுவும் நாற்பத்தேழுதான்.

பிறகு பார்ட்லி முல்கெரின்.
நாலு ஏக்கர், பாதி சதுப்பு.
ஊரே நிலுவையில் கிடந்த அந்த நவம்பரில்
முழுத் தவணையையும் கட்டியிருக்கிறார்,
மூன்றரைப் பென்ஸ் கூடுதலாக.
சில்லறை இல்லை என்றிருப்பார்கள். போயிருப்பார்.
எதை விற்றார் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை.
அடுத்த மே மாதம், குறிப்பு: "கியூபெக்."

கப்பல் பட்டியலில் ஒரு பி. முல்கெரின் இருக்கிறார்.
வெறும் பி. அது பிரிஜிட்டாகவும் இருக்கலாம்.

வரவை அடிக்க எவருக்கும் அதிகாரமில்லை.
தேடிக் கொடுக்க எவருக்கும் நேரமில்லை.
பற்றும் வரவும் நேராக வேண்டுமே,
அதனால் அரையாண்டுதோறும் சுமந்துகொண்டே வருகிறார்கள்.
பிரபு இறந்தார். மகன் குதிரைப் பந்தயத்தில் தோற்றார்.
ஏஜெண்டுகள் ஐந்து பேர், கையெழுத்துகள் ஏழு.
நிலம் குடியானவர்களுக்கே விற்றுத் தீர்ந்த வருடத்தின்
கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது:
எஸ்டேட் தரவேண்டியது, பி. முல்கெரின், மூன்றரைப் பென்ஸ்.

தேநீர் வேளையில் ஃபின்டனிடம் சொன்னேன்.
கைபேசியில் கூட்டுவட்டி போட்டான்.
ஐந்து சதவீதம், நூற்று எழுபத்தைந்து வருடம்,
எழுபத்துச் சொச்சம் பவுண்டு வருகிறதாம்.
"அந்தக் கைம்பெண் கணக்கையும் போடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. பன்னைக் கீழே வைத்துவிட்டான்.

திரும்பி வந்து தட்டச்சு செய்தேன்.
குத்தகைப் பேரேடு, ஒரு தொகுதி.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஈரம் பாதித்தது.
குறிப்பு என்ற கட்டத்தில்
என் படிவமும் நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை.
அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஆட்டைப் பற்றிய பதில் இதில் இல்லை.
நாற்பத்திரண்டாம் பெட்டியைத் திறக்கிறேன்.