முகப்பு எத்திசை

முள்ளியாற்று மதகு தாண்டி
வயலுக்கு நடுவே ஒரு திடல்.
இலுப்பை பதினொன்று, புன்னை நான்கு,
கஜாவில் சாய்ந்து
சாய்ந்தபடியே தழைத்த நாவல் ஒன்று.
கட்டடம் கடைசியில்தான் தெரிகிறது,
அதுவும் ஓடு மட்டும்.

பத்திரத்தில் குவேக்கர் கூட்டவீடு.
ஊரில் கேட்டால் சும்மாக் கோயில்.
நெல் குடோன் என்றே நினைத்தேன் நான்.
நாடாவின் நுனியைப் பிடித்திருந்த முபாரக்
மேலே பார்த்துவிட்டுக் கேட்டான்:
"சர்ச்சுதானே மேடம்? சாமி எந்தப் பக்கம்?"

நீளம் நாற்பத்திரண்டு அடி, அகலம் இருபத்தாறு.
சுவரின் தடிப்பு ஒன்றே முக்கால்.
சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும்;
காரை பெயர்ந்த மூலையில்
எறும்புக்கு இன்னும் இனிக்கிறது போல.
அடியில் களி,
மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்.
அதனால் கிணறு கிணறாக இறக்கி
மணலை நிரப்பி
அதன் தலையில் சுவரை ஏற்றியிருக்கிறார்கள்.
எட்டுக் கிணறு.
ஒரு வாளி இறைத்ததில்லை யாரும்.

உள்ளே நான்கு வரிசை பெஞ்சு
நான்கு பக்கத்திலிருந்தும் நடுவைப் பார்த்து.
நடுவில் வெறும் தரை.
தலை நிமிர்ந்தால்
எதிரே உட்கார்ந்தவர் முகம்தான்.

உத்தரத்தில் மடங்கிக் கிடக்கிறது ஒரு தேக்குத் தட்டி.
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்
கணக்குவழக்கு பேசுவதற்காகக்
கப்பியில் இறக்கிய காலம் உண்டாம்.
"ஒருநாள் மேல ஏத்துனது எங்க அத்தை,"
எப்சிபா சொன்னார்,
"ஏத்துன கையோட கயித்த அறுத்து
வாளிக்குக் கட்டிட்டாங்க."
கப்பிக்குள் இப்போது தேனீ.

புறவழிச்சாலை இழப்பீட்டுப் படிவம்
என் மடியில்.
சிற்ப வேலைப்பாடு: இல்லை.
வண்ணக் கண்ணாடி: இல்லை.
கல்வெட்டு, கலசம், விதானம்: கோடு, கோடு, கோடு.
ஒவ்வொரு கோட்டுக்கும்
சதுர அடிக்கு இத்தனை ரூபாய் குறைகிறது.
ஏழாவது கலம்: முகப்பு எத்திசை?
நான்கு பக்கமும் ஒரு கதவு.
நான்கும் மூன்றடி நான்கு அங்குலம்.
சந்தேகத்தில் இரண்டாம் முறையும் அளந்தேன்.
கிழக்கு என்று எழுதி அடித்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள்.
வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.
நானாகத்தான் ஓரத்தில் உட்கார்ந்தேன்,
நாடா கையில், செருப்பு வெளியில்.
யாரும் பாடவில்லை. புத்தகம் திறக்கவில்லை.
தூரத்தில் அறுவடை மெஷின் வரப்பில் திரும்புவது,
ஓட்டின் மேல் இலுப்பைப் பூ விழுவது,
என் வயிறு.
எனக்குள் ஓடிய கூட்டல்கூட ஒரு கட்டத்தில் தீர்ந்துபோனது.

அரை மணி கழித்து
உரக்கடை யோவேல் எழுந்தார்.
கண்ணை மூடியபடி சொன்னார்:
"மேக்கு ஜன்னல் கீலுக்கு எண்ணெய் வேணும்."
உட்கார்ந்துவிட்டார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அது பிரார்த்தனையா, பராமரிப்பா
என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.
மறுபடி மௌனம்,
ஆனால் முன்னதைவிடக் கொஞ்சம் அகலமாக.

அப்போது பார்த்து என் விரல் நழுவி
நாடா சர்ரென்று உறைக்குள் ஓடிச் சொடுக்கியது.
ஐந்து பேரும் கண் திறந்தார்கள்.
கோபம் இல்லை,
அவசரமாகப் பார்வையை விலக்கவும் இல்லை.
அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை,
பெண்பார்க்க வந்தவர்கள் உட்பட.

திங்கள் காலை
கூரை உயரம் எடுக்கப் போனோம்.
முபாரக் மேற்கு ஜன்னலைத் தள்ளினான்.
சத்தமே வரவில்லை.
விரலை முகர்ந்து பார்த்து நீட்டினான்:
இலுப்பெண்ணெய்.

ஏழாவது கலத்தில்
"இணைப்பு காண்க" என்று எழுதி அனுப்பினேன்.
இணைப்பு எதுவும் வைக்கவில்லை.