எடைமேடை

கொழிஞ்சாம்பாறையில்
உரக்கடைக்கு மேலே மாடியறை.
யூரியா வாசமும் கூடவே படியேறியது.

"கண்ணடைச்சோ. பேடிக்கண்ட"
என்றார் டாக்டர் ஜலஜா.
சுருக்கென்றது.
பேடி என்றதற்கு வேலந்தாவளத்தில்
ஒருத்தன் சட்டையைக் கிழித்தவன் நான்.
சோதனைச்சாவடி தாண்டினால் அது
வசவில்லையாம்,
பயத்தின் பெயர், அவ்வளவுதானாம்.
ஆறு வருசமாய் நெஞ்சில் அடிப்பதை
முதன்முறை யாரோ
பேர்சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது.

பத்திலிருந்து ஒவ்வொரு படியாய் இறங்கு, என்றார்.
கீழே கடற்கரை, என்றார்.
கடல் பார்த்தது ஒரே தடவை,
அதுவும் அழுதுகொண்டு.
எனக்கு வந்தது எடைமேடைதான்.
ராத்திரி ரெண்டு மணி.
எம்-சாண்ட் லாரி இறங்கிப் போய்விட்டது.
சிவப்பு எண்கள் உடனே பூஜ்யமாவதில்லை.
நாற்பது, இருபது, மறுபடி அறுபது,
இரும்புக்குள் ஏதோ நடுங்கிக்கொண்டே இருக்கும்.

"எந்தா காணுன்னது?"

"பாரம் போயிருச்சுங்க.
மேடைக்குத்தான் இன்னும் தெரியலை."

ஃபேன் சுற்றுகிற சத்தம் கொஞ்சநேரம்.
பிறகு அவர் கடலை விட்டுவிட்டார்.
"எங்கில் அவிடெத்தன்னே நின்னோ."

நின்றேன்.
கை கனத்தது. தாடை தானாய் இறங்கியது.
அடுத்த ஆள் கதவு தட்டும்வரை
எவ்வளவு நேரமோ.

இப்போதும் ஷிப்டில் அடிக்கும்.
கண்ணாடிக் கூண்டுக்குள்
கையை மடியில் போட்டுக்கொண்டு
எண்கள் இறங்கட்டும் என்றிருப்பேன்.
சில நாள் இருபதிலேயே நின்றுவிடும்.
மழைத்தண்ணியோ, ஒட்டின மண்ணோ,
கிடக்கட்டும் என்று
அடுத்த லாரிக்குக் கைகாட்டுகிறேன்.