ர்

கொழும்பிலிருந்து கொம்பனி எழுதியது:
விளம்பரச் செலவில் பாதி எங்களுடையது.
அதற்குக் கீழே பதினொரு நிபந்தனைகள்.
எங்கள் இலச்சினைக்குப் பலகையில் மூன்றிலொரு பங்கு.
உங்கள் கடைப்பெயர் அதில் அரைவாசியைத் தாண்டக்கூடாது.
சிவப்பு, எங்கள் சிவப்பாக இருக்கவேண்டும்.
ஒப்புதல் கிடைத்த வடிவத்தில்
ஒரு புள்ளியும் கூடக்கூடாது, குறையக்கூடாது.
அச்சகப் பில்லும் பலகை நிற்கும் படமும்
ஜனவரி முடியமுன் வந்து சேரவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஹீற்றரா என்று சிரிப்பவர்கள்
திருவெம்பாவை விடியலில் குளித்தறியாதவர்கள்.
அந்நேரம் கிணற்றுத் தண்ணி வெதுவெதுப்பாய்த்தான் இருக்கும்.
கடிப்பது மேல்தாங்கித் தண்ணி.
கிணறு இருந்தும் இப்போது எல்லா வீட்டிலும் தாங்கி.
ரொறன்ரோவில் பனியை மண்வெட்டியால் அள்ளுகிறவர்கள்
விடுமுறைக்கு வந்து எங்கள் குளியலறையில் குழறுகிறார்கள்.
மார்கழிதான் எனக்குப் பருவம்.
மார்கழிக்குள் விற்காதது ஆவணிவரை பெட்டிக்குள்.

வடிவம் கொழும்பில் செய்து வந்தது.
யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது,
கம்பளிக் காலுறையோடு ஒரு பெண் தேநீர் குடிக்கிறாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதிக் காசு அவர்களுடையது.

தட்டாதெரு சந்தியில் விடிய ஏற்றினோம்.
பன்னிரண்டடி பிளெக்ஸ். வடிவாய் ஒரு படம் எடுத்தேன்.
எடுத்த பிறகுதான் வாசித்தேன்.
எழுத்துரு மாறினதில் ஒரு ர் விழுந்துவிட்டது.
சுடுநீர் இருக்கவேண்டிய இடத்தில்
ஆள் உயரத்தில் நின்றது

சுடு நீ

பஸ்சுக்கு நின்ற பெடியள் செல்பி எடுத்தார்கள்.
நாற்பது தாண்டியவர்கள் வாசித்துவிட்டு
ஒருக்கால் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.
மத்தியானம் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார்.
என்ன எழுதிக் கிடக்கு?
சுடுதண்ணி, சேர்.
அப்ப ஏன் சனம் நிக்குது?

தில்ருக்ஷியை அழைத்தேன். நல்ல பிள்ளை.
ஒரெழுத்துத்தானே அக்கா,
ஆனால் திருத்தினால் புது வடிவம்,
புது வடிவத்துக்குப் புது ஒப்புதல், மூன்று கிழமை.
கைவைத்தால் பாதி கிடைக்காது.
மூன்று கிழமையில் திருவாதிரை கழிந்து
ரொறன்ரோக்காரர் விமானம் ஏறியிருப்பார்கள்.

இரவு பத்து மணிக்கு எமில் ஏணியோடு வந்தான்.
எந்தச் சிவப்பு, அக்கா?
கிடக்கிற சிவப்பு.
நீக்கும் இலச்சினைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.
வயிற்றை எக்கி நிற்கிற ஆள்மாதிரி ஒரு ர் வரைந்தான்.
அதன் புள்ளிக்கு இடம் போதவில்லை.
இலச்சினையின் முதுகில் ஏறிக் குந்தியது.

அந்த மார்கழியில் இருபத்துமூன்று ஹீற்றர் போனது.
கஜமுகன் சுவர் துளைத்துத் துளைத்துத்
தலைமயிரெல்லாம் சீமெந்துத் தூளாய்த் திரிந்தான்.

ஜனவரிக் கடைசி. கைபேசியில் இரண்டு படங்கள்.
ஒன்றில் ர் இருந்தது. ஒன்றில் இல்லை.
முப்பத்தெண்ணாயிரம் ரூபா.
லாச்சியைத் திறந்தேன், மூடினேன்,
தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது.
பிறகு, இல்லாததை அனுப்பினேன்.

காசோலை பத்தே நாளில் வந்தது.
கூடவே ஒரு பாராட்டு:
வட மாகாணத்திலேயே விதிமுறை பிசகாத பலகை உங்களுடையது.

எமிலின் கூலி ஆயிரத்தைந்நூறு, பெயின்ற் இருநூற்றெழுபது.
அதில் பாதி கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இன்று காலை மறுபடி கடிதம்.
பருவம் நெருங்குகிறது. இவ்வருடமும் அதே வடிவம்,
ஒப்புதல் ஏற்கெனவே இருப்பதால் காத்திருக்கத் தேவையில்லை.

எமிலுக்குச் சொல்லவேண்டும்,
ஏணியை ஒருவருக்கும் இரவல் கொடுக்காதே என்று.