ஏழாவது பொருள்

கூட்டம் பத்து மணிக்கு.
கூட்டக் குறிப்பு நேற்றே தட்டச்சாகி வந்துவிட்டது:
"இயக்குநர்கள் நெடுநேரம் ஆலோசித்து
ஒருமனதாகத் தீர்மானித்தனர்."

செயின்ட் பீட்டர் போர்ட், மூன்றாம் மாடி.
சன்னலுக்குக் கீழே கடல் உள்வாங்கி
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கின்றன.

என் பெயர் ஈவ்லின் டோஸ்டெவின்.
ஆண்டுக்கு நான்கு கூட்டம்,
கூட்டத்துக்கு ஒரு காசோலை, மதிய உணவு.
ஆறு வருடம் தலையாட்டியதில்
கழுத்துக்கு வலியே தெரிவதில்லை.

ஒன்று முதல் ஆறு வரை
தேநீர் ஆறுவதற்குள் முடிந்தன.

ஏழாவது பொருள்:
ப்ரெஹோ குடும்ப டிரஸ்டிலிருந்து
நாலு லட்சம் பவுண்டு கடன்,
ஒரு கட்டட நிறுவனத்துக்கு.
ஈடு எதுவும் இல்லை.
தலைவர் ரோபிலார்ட் தொண்டையைச் செருமினார்.
"வழக்கமானதுதான்."

வழக்கமானதுதான்.
போன காலாண்டில் இதே டிரஸ்டுக்கு
ஒரு சின்ன விண்ணப்பம் வந்தது.
ரோலண்ட் ப்ரெஹோ, வயது நாற்பத்தாறு,
பராமரிப்பு இல்லம், அறை எண் பதினொன்று.
வியாழன்தோறும் ஹெர்ம் தீவுக்குப் போய்வர
தனக்கும் நாற்காலியைத் தள்ளுபவருக்கும்
படகுக் கட்டணம் கேட்டிருந்தார்.
அப்பா தக்காளிக் கண்ணாடிக்கூடங்களை விற்று
இவருக்கென்று எழுதிவைத்த பணம்.
அவசியமற்ற செலவு என்றோம்.
என்றேன்.
அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.
நல்ல கையெழுத்து, சுழிகள் தெளிவு.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
நாங்கள் நக்குவதில்லை.
அடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை
ஆறு நிமிடத் துண்டுகளாக நறுக்கி
கட்டணச் சீட்டு அனுப்புகிறோம்.

"அந்த நிறுவனத்தில் யார் யாருக்குப் பங்கு?"
என் குரல்தான்.
செயலாளர் காரிஸின் விரல்கள்
விசைகளுக்கு மேல் அப்படியே நின்றன.
ரோபிலார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
"என் மனைவியின் தம்பிக்கு" என்றார்,
நாளை மழை என்பதுபோல.

நான் வீராங்கனை ஒன்றும் இல்லை.
முந்தின இரவு தூக்கம் வரவில்லை,
கைக்கு அகப்பட்ட கோப்பைத் திறந்தேன்.
வேறொன்று அகப்பட்டிருந்தால்
இவரும் ஆறோடு சேர்ந்து ஆறிப்போயிருப்பார்.
மற்ற ஐந்து வருடங்களில்
நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

தலைவர் எழுந்து வெளியே நின்றார்.
அவர் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டே
மூவர் பேசினோம்.
கடன் மறுக்கப்பட்டது: இரண்டுக்கு ஒன்று.
"ஒருமனதாக" என்பதை எடுத்துவிடுங்கள் என்றேன்.
காரிஸ் எடுத்தாள்.
"நெடுநேரம்?" என்று கேட்டாள்.
கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம்.
இந்த அறைக்கு அது நெடுநேரம்தான்.
இருக்கட்டும்.

பிற விஷயங்கள் என்ற தலைப்பின் கீழ்
படகுக் கட்டணத்தை மறுபடி எடுத்தேன்.
விண்ணப்பம் புதிதாக வர வேண்டும்,
அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள்.
விதி அப்படித்தான். நானே வாக்களித்த விதி.

அடுத்த காலாண்டு சனவரி.
சனவரிக் கடலில்
நாற்காலியை ஏற்றமாட்டார்கள்.

கீழே நீர் திரும்பி வருகிறது.
படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன.
மதிய உணவுக்கு மீன் என்றார்கள்.
பையில் விண்ணப்பப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு
பராமரிப்பு இல்லத்துக்கு எந்தப் பேருந்து என்று
காரிஸிடம் கேட்டேன்.
ஆறு வருடத்தில்
கேட்டதே இல்லை.